உரிய வழியாக ஒரு ராஜினாமா

அண்ணாச்சி, அந்த மனுவைக் கொஞ்சம் இப்படிக் காட்டுங்க. பயப்படாதீங்க, பிடுங்கிட்டு ஓடமாட்டேன். முப்பது வருஷம் தாலுகா ஆபீஸ்ல இதைத்தான் படிச்சேன், கை சும்மா இருக்கமாட்டேங்குது. ம்... பாத்தீங்களா, 'பொருள்'னு போட்டுட்டு நீங்க பாட்டுக்கு ஒரு பக்கம் கதை எழுதியிருக்கீங்க. பொருள்னா ஒரே வரி. 'பட்டா மாறுதல் கோருதல் தொடர்பாக.' அம்புட்டுத்தான். 'பார்வை'ன்னு ஒரு தலைப்பையே காணோம். ஏற்கெனவே கொடுத்த மனுவோட தேதி, நம்பர் எல்லாம் அங்க வரணும். இல்லேன்னா உள்ள இருக்கிறவன் திருப்பிடுவான். நானா இருந்தாலும் திருப்பியிருப்பேன்.

பின்னாடி குத்தியிருக்கிற தாள் என்ன? திருப்பி அனுப்புன குறிப்பா? அட, எங்க ஆபீஸ்தான். கீழ 'அ.ஈ.'ன்னு சுருக்கொப்பம் இருக்குல்ல, அது நான்தான். அங்காளேஸ்வரி. அந்த வருஷம் பட்டா இருக்கை காலியா கெடந்துச்சு, அதையும் நான்தான் சேத்துப் பாத்தேன். முறைக்காதீங்க அண்ணாச்சி. வில்லங்கச் சான்று வைக்காம பட்டா மாத்துன்னா எப்படி மாத்துறது? சரியாத்தான் திருப்பியிருக்கேன். மூணு தடவை திருப்புனேனா? மூணு தடவையும் சரியாத்தான் இருந்திருக்கும்.

இருங்க, எந்திரிச்சுப் போகாதீங்க. உங்க டோக்கன் எண்பத்தேழு, என்னுது எண்பத்தாறு. இப்பத்தான் நாப்பது ஓடுது. கலெக்டர் ஆபீஸ்ல இந்தத் திங்கட்கிழமைக் குறைதீர்க் கூட்டம் மத்தியானம் வரைக்கும் இழுக்கும். உக்காருங்க, உங்க மனுவை நானே எழுதித் தர்றேன். எழுதிக்கிட்டே சொல்றேன். நீங்க கேக்கலேன்னாலும் சொல்லுவேன், அது வேற.

போன மாசம் வரைக்கும் நான் அந்தப் பக்கம் உக்காந்திருந்தவ. இப்ப இந்தப் பக்கம், உங்க பக்கத்துல, பிளாஸ்டிக் சேர்ல. யாரும் என்னைத் தொரத்தல. தேர்தல்ல நிக்கிறதுக்காக வேலையை எழுதிக் குடுத்தேன். எங்க ஊர் செங்குளத்துப்பட்டி ஊராட்சித் தலைவர் பதவிக்கு. எல்லாரும் எனக்குக் கிறுக்குன்னாங்க. எங்க ஆபீஸ் ஜீப் டிரைவர்ல இருந்து எங்க அக்கா வரைக்கும் ஒரே வார்த்தை. சொல்லட்டும்.

அரசாங்க வேலையில இருக்கிறவங்க எதுல நிக்கலாம், எதுல நிக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியுமா? நிக்கவே கூடாது. இன்னொருத்தருக்காக ஓட்டுக் கேக்கக் கூடாது. சொந்தப் புருஷனுக்கே கேக்கக் கூடாது. எனக்குப் புருஷன் இல்லை, அதனால அந்த விதி என்னை ஒண்ணும் பண்ணல. நிக்கணும்னா வேலையை விடணும். விடுறதுன்னா கடுதாசியை நீட்டிட்டு வீட்டுக்குப் போறது இல்லை. அதை ஏத்துக்கிட்டேன்னு ஆணை வரணும், பணியில இருந்து விடுவிக்கணும், அந்தத் தாளை வேட்புமனுவோட வைக்கணும். வெறும் கடுதாசியைக் குடுத்துட்டேன்னு சொல்றது, பொண்ணு பாத்துட்டு வந்துட்டேன்னு சொல்ற மாதிரி. தாலி ஏறணும்ல?

விருப்ப ஓய்வுன்னு ஒண்ணு இருக்கு. அதுல பென்ஷன் உண்டு. ஆனா மூணு மாசம் முன்கூட்டியே எழுதிக் குடுக்கணும். தேர்தல் அறிவிச்ச நாள்ல இருந்து மனு வாங்கி முடிக்கிற வரைக்கும் மூணு வாரம்கூட இல்லை. அப்ப ராஜினாமாதான். ராஜினாமான்னா பென்ஷனும் கெடையாது, முப்பது வருஷம் வேலை பாத்ததுக்கு ஒண்ணும் கெடையாது. தெரிஞ்சுதான் எழுதுனேன். எனக்குத் தெரியாத விதியா?

ஏன்னு கேளுங்க. எங்க ஊர்ல போர் போட்டா உப்புத்தண்ணி. குடிக்கிறதுக்கு ஒரே ஊருணி. அதுக்குத் தண்ணி வர்ற வரத்துக்காலை மறிச்சு ஜெயபாண்டி கல்யாண மண்டபத்துக்குச் சுவர் எடுத்துட்டான். ரெண்டு தடவை தலைவரா இருந்தவன், கேக்க ஆள் இல்லை. பத்து வருஷமா ஊருணியில ஆடு மேயுது. பொம்பளைங்க குடத்தைத் தூக்கிக்கிட்டு ஒரு தோட்டத்துக்குப் போறாங்க. தோட்டக்காரன் மோட்டார் போடுற வரைக்கும் நிக்கணும். நிக்கிற நேரத்துல அவன் வாய்க்கு வந்ததைப் பேசுவான், அதையும் கேட்டுக்கிட்டு நிக்கணும். அந்த வரத்துக்கால் கிராம வரைபடத்துல கோடு கோடா இருக்கு அண்ணாச்சி. ஆத்துல இருந்து ஊருணி வரைக்கும் அரசாங்கப் புறம்போக்கு. நான் நாலு தாசில்தாருக்குக் குறிப்பு எழுதி வச்சேன். நாலு பேரும் 'பார்த்தேன்'னு ஒப்பம் போட்டாங்க. பாத்தாங்க, அம்புட்டுத்தான்.

இந்தத் தடவை தலைவர் பதவி பெண்களுக்குன்னு ஒதுக்கிட்டாங்க. ஜெயபாண்டி தன் பொண்டாட்டி தமிழரசியை நிறுத்துறான்னு தெரிஞ்சுச்சு. அன்னிக்குச் சாயங்காலம் மகளிர் குழுத் தலைவி பஞ்சவர்ணம் பதினேழு பொம்பளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தா. "அக்கா, நாங்க யாராவது நின்னா அவன் ஒரே அதட்டுல உக்கார வச்சுருவான். சட்டம் தெரிஞ்ச ஆள் நீங்கதான். நீங்க நில்லுங்க, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்"ன்னா. என்னை யாரும் அதுவரைக்கும் எதுக்கும் நில்லுன்னு சொன்னது இல்லை அண்ணாச்சி. உக்காரு, எழுது, எடுத்து வைன்னுதான் சொல்லியிருக்காங்க. எனக்கு அழுகை வந்துருச்சு. அடக்கிக்கிட்டு, "ஏழு மணிக்குள்ள வாக்காளர் பட்டியல் நகல் கொண்டு வாங்க"ன்னேன்.

மறுநாள் காலையில ராஜினாமா எழுதுனேன். கலெக்டருக்கு, தாசில்தார் மூலமா, உரிய வழியாக. நேரா கலெக்டர் கையில குடுத்திருக்கலாம், அவர் அன்னிக்கு எங்க தாலுகாவுலதான் ஆய்வுல இருந்தாரு. குடுக்க மாட்டேன். அது முறை இல்லை. தாசில்தார்கிட்ட குடுத்தேன். அவர் படிச்சாரு, என்னைப் பாத்தாரு, கண்ணாடியைக் கழட்டுனாரு, "யோசிச்சீங்களாம்மா?"ன்னாரு. "யோசிச்சுட்டேன் சார்." ஒப்பம் போட்டு உரிய இருக்கைக்கு அனுப்பச் சொன்னாரு. தபால் சுத்தி வந்து சாயங்காலம் நாலு மணிக்கு என் மேசைக்கே வந்துருச்சு. சிரிக்காதீங்க. ஆபீஸ்ல ஊழியர்கள் சம்பந்தப்பட்ட கோப்பு எல்லாம் பாக்கிறது என் இருக்கைதான்.

என் தாளை நானே எடுத்து வைக்கலாமா? கூடாது. தன் காரியத்துல தானே குறிப்பு எழுதக் கூடாது. "சார், என் பொறுப்பை வேற ஆளுக்கு மாத்துங்க"ன்னு ஒரு குறிப்பு எழுதி வச்சேன். அதுல ஒரு நாள் போச்சு. தெய்வேந்திரன் வந்தான். என்னைவிடப் பத்து வயசு சின்னவன், நான் வேலை பழக்குன ஆள். 'ஒரு தாளை எடுத்தா முதல்ல அதுல என்ன குறைன்னு பாரு, அப்புறம்தான் என்ன கேக்குறாங்கன்னு பாரு'ன்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். அவன் என் ராஜினாமாவை எடுத்தான். பாத்தான். ரெண்டாம் நாள் என்கிட்ட வந்து தலையைச் சொறிஞ்சான்.

"மேடம், உங்க மேல ஒரு பதினேழு-ஏ நிலுவையில இருக்கு."

பதினேழு-ஏன்னா சின்ன ஒழுங்கு நடவடிக்கை. கண்டிப்போட போயிரும், பெரிய விஷயம் இல்லை. ஆனா அது நிலுவையில இருந்தா ராஜினாமாவை ஏத்துக்க முடியாது. தப்புப் பண்ணிட்டு ஓடிரக் கூடாதுல்ல, அதுக்காக வச்ச விதி. நல்ல விதிதான்.

என்ன தப்புப் பண்ணேன்னு கேக்குறீங்களா? ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கோட்டாட்சியர் எங்க ஆபீஸ்ல ஒரு ஆணையை எல்லார் முன்னாடியும் வாசிச்சாரு. கோப்பு எண் தப்பா இருந்துச்சு. "சார், நம்பர் தப்பு"ன்னேன். தப்பைத் தப்புன்னுதானே சொன்னேன்? 'மேலதிகாரியிடம் பணிவின்றி நடந்துகொண்டது'ன்னு குறிப்பாணை குடுத்தாரு. அதுலயும் தேதி தப்பு. பதினோரு பக்கம் விளக்கம் எழுதுனேன், அதுல அந்தத் தேதியையும் சுட்டிக் காட்டுனேன். அவர் மாறுதல்ல போயிட்டாரு. அடுத்து வந்தவரு, 'தாசில்தார் அறிக்கை அனுப்பவும்'னு கோப்பை எங்க ஆபீசுக்கு அனுப்பிட்டாரு. அது எங்க வரும்? என் இருக்கைக்குத்தான் வரும்.

அப்ப இருந்த தாசில்தார், "நீங்களே ரெண்டு வரி எழுதி வைங்கம்மா, நான் கையெழுத்துப் போடுறேன், முடிஞ்சு போகும்"னாரு. என் கோப்பை நான் எழுதுறதா? மாட்டேன்னுட்டேன். வேற இருக்கைக்கு மாத்தச் சொல்லி எழுதி வச்சேன். அதை அவர் படிக்கல. யாரும் என்னைப் பாத்து ஒரு சொல் சொல்லிரக் கூடாதுன்னு அந்தக் கோப்பை மட்டும் தனியா துணியில கட்டி, பீரோவுல மேல் தட்டுல வச்சுப் பூட்டிட்டேன். ஆறு வருஷமா அதை நான் தொடவே இல்லை அண்ணாச்சி. என் சாவியில இருந்த பீரோ, என் கோப்பு, நான் தொடல. இப்படி ஒரு ஆளை நீங்க எந்த ஆபீஸ்லயாவது பாத்ததுண்டா? பாத்திருக்க மாட்டீங்க.

மனு பரிசீலனைக்கு ரெண்டு நாள் இருந்துச்சு. தெய்வேந்திரன் கதவைச் சாத்திட்டு வந்து உக்காந்தான். "மேடம், போன வருஷத் தேதி போட்டு 'நடவடிக்கை கைவிடப்பட்டது'ன்னு ஒரு தாள் தட்டி வச்சுடுறேன். கோட்டாட்சியர் ஆபீஸ்ல நம்ம ஆளு இருக்காரு. நீங்க பாக்க வேணாம், கேக்க வேணாம். ராஜினாமா நாளைக்கே கலெக்டர் ஆபீஸ் போயிரும்." அவனுக்குக் கண்ணு கலங்கியிருந்துச்சு. நெசமாவே எனக்காகத்தான் சொன்னான். நான் அவனைப் பாத்து, "முன்தேதி போட்டா உனக்குப் பதினேழு-பி தெரியுமா?"ன்னேன். அது வேலையே போற பெரிய நடவடிக்கை. எந்திரிச்சுப் போயிட்டான். வேணும்னா நான் அவனைக் காப்பாத்துனேன்னு வச்சுக்கங்க.

சரி, பரிசீலனை நாள். ஒன்றிய அலுவலகம். பதவிக்கு ரெண்டே மனு, நானும் தமிழரசியும். தமிழரசி வரல, ஜெயபாண்டிதான் வெள்ளைச் சட்டையில பத்துப் பேரோட நின்னான், கூட ஒரு வக்கீல். என் பக்கம் பஞ்சவர்ணம், என்னை முன்மொழிஞ்சவ அவதான். வெளிய வேப்பமரத்தடியில எங்க ஊர்ப் பொம்பளைங்க நாப்பது பேர். கூலி வேலையை விட்டுட்டு வந்தவங்க.

தேர்தல் அலுவலர் சின்ன வயசு. ஜெயபாண்டி ஆளுங்க நிக்கிறதைப் பாத்ததுமே அவருக்கு வேர்த்துருச்சு. என் மனுவைப் பொரட்டுனாரு. "முன்மொழிந்தவர் வாக்காளர் பட்டியல் எண் சரியில்லை, நிராகரிக்கிறேன்"ன்னாரு. நான் விடுவேனா? பட்டியலை எடுத்து விரிச்சேன். பாகம் ரெண்டு, வரிசை எண் நானூத்திப் பதினாறு, பஞ்சவர்ணம். "படிங்க சார். சத்தமா படிங்க"ன்னேன். படிச்சாரு. சரியா இருந்துச்சு. வக்கீல் ஏதோ சொல்ல வந்தாரு, "தேர்தல் கையேட்டுல எந்தப் பக்கம்னு சொல்லிட்டுப் பேசுங்க"ன்னேன், உக்காந்துட்டாரு. பஞ்சவர்ணம் என் கையைப் பிடிச்சா. சந்தோஷத்துல.

"வேற ஆட்சேபணை இருக்கா?"ன்னு கேட்டாரு. ஒருத்தரும் வாயைத் திறக்கல. வக்கீல் போனைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. அலுவலர் பேனாவை எடுத்து 'ஏற்கப்பட்டது'ன்னு எழுதப் போனாரு. 'ஏ' போட்டுட்டாரு அண்ணாச்சி.

அந்த மனுவுல ஏழாவது கேள்வி, 'அரசுப் பணியில் உள்ளவரா?' நான் ஒளிக்கல. 'ராஜினாமா செய்துள்ளேன், ஏற்பு ஆணை எதிர்பார்க்கப்படுகிறது'ன்னு எழுதியிருந்தேன். அதை ஒருத்தருமே படிக்கல. அத்தனை பேரு அந்தத் தாளைத் தொட்டாங்க. வாங்குன எழுத்தர் படிக்கல, அலுவலர் படிக்கல, காசு வாங்குற அந்த வக்கீலும் படிக்கல.

"சார், ஏழாவது கேள்வியை நீங்க பாக்கவே இல்லையே"ன்னேன்.

நான்தான் சொன்னேன். ஆமா. ஏன்னா, நாளைக்கு ஜெயிச்சு வந்தாலும் ஜெயபாண்டி கோர்ட்டுக்குப் போவான், ஆறு மாசத்துல பதவி போயிரும். அதை யோசிச்சுத்தான் சொன்னேன். அப்புறம், ஒரு அலுவலர் படிக்காம கையெழுத்துப் போடுறதைப் பாத்துக்கிட்டு எப்படி நிக்கிறது? அதுவும்தான். ரெண்டுல எது முதல்லன்னு என்னைக் கேக்காதீங்க. அந்த நிமிஷம் வாய் தானா வந்துருச்சு.

அவர் படிச்சாரு. வக்கீலும் எந்திரிச்சு வந்து படிச்சாரு. கையேட்டைப் பொரட்டுறாங்க, பொரட்டுறாங்க, பக்கம் கெடைக்கல. நான்தான் முப்பத்தொண்ணாம் பக்கத்தை எடுத்துக் குடுத்தேன். 'ஏ'வை அடிச்சுட்டு 'நிராகரிக்கப்பட்டது'ன்னு எழுதுனாரு. அடிச்ச எடத்துல சுருக்கொப்பம் போடாம விட்டாரு, "போடுங்க சார்"ன்னேன். அதுவும் போட்டாரு. வேற மனு இல்லாததால தமிழரசி போட்டியின்றித் தேர்வு. வெளிய வெடி போட்டாங்க.

பஞ்சவர்ணம் வேப்பமரத்தடிக்கு வந்ததும் நின்னா. "அக்கா, நீங்க பொய்கூடச் சொல்ல வேணாம்க்கா. வாயை மூடிக்கிட்டு நின்னிருந்தாப் போதும். நாங்க பத்து வருஷமா அந்தத் தோட்டக்காரன் முன்னாடி அப்படித்தான் நிக்கிறோம்." சொல்லிட்டு பொம்பளைங்களைக் கூட்டிக்கிட்டு நடந்தே போயிட்டா. அன்னையில இருந்து எங்க வீட்டுப் பக்கம் வரல. ரெண்டு தடவை நான் தேடிப் போனேன், உள்ள இருந்துக்கிட்டே இல்லைன்னு சொல்லச் சொன்னா. வலிக்குது அண்ணாச்சி. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் பண்ணது தப்புன்னு மட்டும் என் வாயில இருந்து வராது.

இன்னும் இருக்கு, கேளுங்க. ராஜினாமா ஏறலையா, அப்ப நான் இன்னும் அரசு ஊழியர்தானே? தேர்தல் அன்னிக்கு என்னையே பக்கத்து ஒன்றியத்துல வாக்குச்சாவடியில உக்கார வச்சுட்டாங்க, விரல்ல மை வைக்கிற வேலைக்கு. போனேன். எழுநூத்திச் சொச்சம் பேருக்கு வச்சேன். ஒரு விரல்லகூட மை வழியல. வேட்பாளரா நிக்க வேண்டியவ இப்படி உக்காந்திருக்கேன்னு நெனச்சு நெனச்சு வச்சேன்.

தேர்தல் முடிஞ்ச மூணாம் நாள், அந்தப் பதினேழு-ஏவை மூடிட்டாங்க. யாரோ ஒரு தாள் எழுதியிருக்காங்க, ஒரே வரி. 'மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது.' ஆறு வருஷக் கோப்பு ஒரு மத்தியானத்துல முடிஞ்சு போச்சு. அதுக்கு மறுநாள் தாசில்தார் கூப்பிட்டாரு. "அம்மா, இனிமே என்ன ராஜினாமா? தேர்தலே முடிஞ்சிருச்சு. வாபஸ் வாங்குறேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, இருக்கைக்குப் போங்க. பென்ஷனோட ஓய்வு வாங்குங்க. நான் சொல்றதைக் கேளுங்க"ன்னாரு. நல்ல மனுஷன். என் அக்காவும் அவர்கிட்டப் போய் அழுதிருக்கா போல.

எழுதியிருக்கலாம். ஒரு வரிதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சார், நான் நிக்கிறதுக்காக விட்டேன். நிக்க விடலைங்கிறதுக்காகத் திரும்பி வந்து உக்காந்தா, அன்னிக்கு என் வீட்டுக்கு வந்த பதினேழு பேரும் சொன்னது பொய்யாயிரும். ஆணையைப் போடுங்க"ன்னேன். போன மாசம் ஆரம்பத்துல போட்டாங்க. ஏற்பு ஆணை, விடுவிப்பு ஆணை, ரெண்டும். எழுத்துப் பிழை இல்லாம இருந்துச்சு. தெய்வேந்திரன் தட்டுனது. குடுக்கும்போது என் முகத்தைப் பாக்கல அவன்.

இதோ, இது என் மனு. வரத்துக்கால் ஆக்கிரமிப்பு அகற்றக் கோருதல் தொடர்பாக. பொருள் ஒரே வரி, பாத்துக்கங்க. பார்வையில நாலு குறிப்பு, நாலும் நான் எழுதுனது. வெளிய போனவ ஆபீஸ் தாளை எடுத்துட்டு வரக் கூடாதுல்ல, அதனால என் குறிப்பையே தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டு வாங்குனேன். முதல் தடவை தெய்வேந்திரன் முகவரிச் சான்று இல்லைன்னு திருப்பிட்டான். நல்லா வேலை கத்துக்கிட்டான். கோவம் வந்துச்சு. அப்புறம் உங்களை மாதிரி எத்தனை பேரு மூணு தடவை... சரி, விடுங்க. உங்க மனு முடிஞ்சிருச்சு, பிடிங்க. வில்லங்கச் சான்று இந்த எடத்துல இணைப்புன்னு எழுதியிருக்கேன். இந்தத் தடவை திருப்ப மாட்டாங்க.

என் நம்பர் வந்துருச்சு. கொஞ்சம் நகருங்க... வணக்கம் தம்பி. எண்பத்தாறு. பேரு, அங்காளேஸ்வரி. ஊர், செங்குளத்துப்பட்டி. ஆமா, அந்த அங்காளேஸ்வரிதான். நிமிந்து பாக்காதீங்க, எழுதுங்க.

தொழிலா?

ஓய்வுன்னு போடாதீங்க, நான் ஓய்வு பெறல. முன்னாள் அரசு ஊழியர்னும் வேண்டாம். வேட்பாளர்னு எழுதுங்க.

தெரியும் தம்பி, தேர்தல் முடிஞ்சிருச்சு. அடுத்ததுக்கு அஞ்சு வருஷம் இருக்கு. கட்டத்தைக் காலியா விடாதீங்க. எழுதுங்க.